கொசுறா வந்த கறிவேப்பிலையையும் எழுதி வை

தங்கச்சி, ராத்திரி தலை சாய்ச்சதும் அன்னிக்கு நடந்ததுல எது முதல்ல ஞாபகத்துக்கு வருது? மேனேஜர் நாலு பேர் முன்னாடி கேட்ட கேள்வி, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சது, நாத்தனார் போன்ல இழுத்த ஒரு பேச்சு. அதே நாள்ல நல்லதும் நடந்திருக்கும். ஆனா கெட்டதைத்தான் மனசு கெட்டியாப் பிடிச்சுக்கும். மூளையோட இயல்பே அப்படித்தான்னு உளவியல் படிச்சவங்க சொல்றாங்க. அதனால நல்லதைப் பிடிச்சு வைக்கிற வேலையை நாமதான் மெனக்கெட்டுச் செய்யணும்.

இதுக்குன்னு புது டைரி வாங்காதே. சுவத்துல தினசரி காலண்டர் தொங்குதில்ல, படுக்கப் போறப்போ அன்னிக்குத் தாளைக் கிழி. பின்பக்கம் காலியா இருந்தா அதுலயே அன்னிக்கு நடந்த மூணு நல்ல விஷயத்தை எழுது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அது ஏன் நடந்துச்சுன்னும் ஒரு வரி எழுது. அமெரிக்க உளவியல் பேராசிரியர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல வெளியிட்ட ஆய்வுல சோதிச்சுப் பார்த்தது இதைத்தான். ஒரே ஒரு வாரம் எழுதச் சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சும் எழுதினவங்களுக்குச் சந்தோஷம் கூடியும் மனச்சோர்வு குறைஞ்சும் இருந்துச்சு. வாரம் முடிஞ்ச பிறகும் தானா எழுதிட்டு வந்தவங்களுக்குத்தான் பலன் அதிகம்.

இதுல அந்த 'ஏன்' ரொம்ப முக்கியம். "குடும்பம் நல்லா இருக்கு, உடம்பு நல்லா இருக்கு"ன்னு பொதுவா எழுதினா நாலாம் நாளே எழுத ஒண்ணும் இருக்காது. "காய்கறிக்கார அண்ணன் கேக்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாப் பையில வச்சார்"னு எழுது. ஏன் வச்சார்? வாராவாரம் அவர்கிட்டயே வாங்குறே, அவருக்கு உன் முகம் தெரியும். "ஓடி வந்தேன், கண்டக்டர் விசில் ஊதாம நின்னார்." ஏன்? அவர் திரும்பிப் பார்த்தார், அவசரத்துலயும் உனக்காக யோசிச்சார். காரணத்தைத் தேடப் போனா பெரும்பாலும் ஒரு மனுஷர்கிட்டதான் போய் நிப்போம். உன் நாளைத் தாங்கிப் பிடிக்கிறவங்க எத்தனை பேர்னு அப்பதான் தெரியும்.

முதல் வாரம் தினமும் எழுது. அப்புறம் கடமைக்கு எழுதற மாதிரி தோணுச்சுன்னா ஞாயித்துக்கிழமை மட்டும் எழுதினாப் போதும். சோன்யா லுபோமிர்ஸ்கிங்கிற ஆராய்ச்சியாளர் பார்த்தப்போ, வாரத்துக்கு ஒரு தடவை எழுதினவங்களுக்குத்தான் பலன் கிடைச்சது, மூணு தடவை எழுதினவங்களுக்கு இல்ல. பழகிப்போனா எதுவும் மனசுல ஒட்டாது.

எதுவுமே தோணாத நாளும் வரும். அன்னிக்கு, இப்ப உன்கிட்ட இருக்கிற ஒண்ணு கிடைக்காமலே போயிருந்தா எப்படி இருக்கும்னு யோசி. ஹாஸ்டல்ல உனக்கு வேற ரூம் குடுத்திருந்தா உன் ரூம்மேட் சிநேகிதி யாருன்னே உனக்குத் தெரிஞ்சிருக்காது. தம்பதிகளை வச்சு நடத்தின ஆய்வு ஒண்ணு 2008-ல வந்துச்சு. எப்படிச் சந்திச்சோம்னு எழுதினவங்களைவிட, சந்திக்காமலே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எழுதினவங்களுக்குத் தங்கள் உறவு மேல நிறைவு அதிகமா இருந்துச்சு.

ஒரு விஷயத்துல மட்டும் அக்கா கண்டிப்பா இருப்பேன். 'கிடைச்சதே போதும்'னு பொண்ணுங்க வாயை அடைக்கிறதுக்கு நன்றியை யாரும் சாக்கா வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஒரு நாள் பாத்திரம் தேய்ச்சா சந்தோஷமா எழுதிக்கோ. தினமும் பங்கு போட்டுக்கச் சொல்லியும் கேளு. வரவேண்டிய சம்பள உயர்வையும் கேளு. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் கெட்டு, எதுலயும் மனசு ஒட்டலைன்னா அதைத் தாள்ல எழுதிச் சரி பண்ண முடியாது. டாக்டரைப் பாரு. மத்திய அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசலாம், காசு கிடையாது.

கடைசியா, எழுதினதை உரியவங்ககிட்ட சொல்லு. வீட்டு ஆளுங்களுக்கு நன்றி சொல்ல நமக்குக் கூச்சம், அந்நியமாத் தெரியும். அதனால அவங்க செஞ்சதை அப்படியே சொல்லு. "அம்மா, வத்தக்குழம்புல சுண்டைக்காய் வறுத்துப் போட்டிருந்தியே, ஆபீஸ்ல டப்பாவை வழிச்சுட்டாங்க." வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்ட, "நேத்து மழை வர்றதுக்குள்ள துணியை எடுத்து வச்சீங்களே, இல்லைன்னா இன்னிக்கு யூனிஃபார்ம் இல்லாமத் தவிச்சிருப்போம்"னு சொல்லு. 2018-ல அமித் குமார், நிக்கலஸ் எப்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், நன்றிக் கடிதம் எழுதினவங்களையும் அதை வாங்கினவங்களையும் கேட்டுப் பார்த்தாங்க. வாங்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு எழுதினவங்க நினைச்ச அளவுக்குச் சங்கடமே இல்ல. சந்தோஷம்தான் அவங்க எதிர்பார்த்ததைவிட அதிகம்.

உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்த டீச்சரோ, முதல் வேலையில கைபிடிச்சுக் கத்துக் குடுத்த சீனியரோ, யாராவது ஒருத்தர் இப்ப ஞாபகத்துக்கு வந்திருப்பாங்க. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்களுக்கு ஒரு போன் போட்டுடு, தங்கச்சி.