தாத்தாவின் தம்பியைத் தேடுங்கள்



குடும்ப வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஒரே கோட்டில் மேலே ஏறுகிறார்கள். நான்காம் தலைமுறையில் தாள் தீர்ந்ததும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். பூட்டனைப் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அவருடைய கூடப்பிறந்தவர்களைத் தேட வேண்டும் என்பது என் கட்சி. அவர்களுக்குத் தகப்பனும் பிறந்த ஊரும் ஒன்றுதான். ஒருவர் தாளில் விடுபட்டது இன்னொருவர் தாளில் இருக்கக்கூடும். நமக்கோ குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை, தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறிவிடுகிறது. அதனால் நேர்க்கோடு இங்கே சீக்கிரம் மங்கும். பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தாலோ, அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பார்கள்: தகப்பன் பெயர், ஊர், அவரவருக்குப் பிரிந்த நிலத்தின் நான்கெல்லை. எல்லையில் 'இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்று வரும் இன்னாரும் பல நேரம் பங்காளியே. பெயர்களையும் கவனியுங்கள்: பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மூன்று சகோதரர்களும் மூத்த மகனுக்கு ஒரே பெயரை வைத்திருந்தால், அது அவர்கள் தகப்பன் பெயராக இருக்கலாம். இது சான்றாகாது, தேட ஒரு திசை கிடைக்கும், அவ்வளவுதான்.

கடல் கடந்தவர்களை விட்டுவிடாதீர்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியல்களில் ஆளின் பெயரோடு தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள தழும்புவரை எழுதியிருக்கிறார்கள். ஊரிலேயே உழுது மாண்ட அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது, வீடு மறந்துபோன தம்பியைப் பற்றி இத்தனை கிடைக்கலாம்.

இப்படிப் போனால் வேலைக்கு முடிவே இராது என்பார்கள். எல்லாப் பங்காளிகளையும் அல்ல, விடை தெரியாத ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்கக்கூடியவர்களை மட்டும் தேடினால் போதும். இன்னொரு ஆட்சேபம் கனமானது. சித்தப்பா மகனும் நமக்குத் தம்பிதான். வாய்மொழியில் வரும் 'தம்பி' யார் என்று எப்படிச் சொல்வது? கூடப்பிறந்தவரா, பங்காளியா என்று இரண்டு பேரிடமாவது தனித்தனியே கேட்காமல் எழுதாதீர்கள்.

அக்கா தங்கைகளைப் பழைய பாகப்பிரிவினையில் பார்ப்பது அரிது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989-இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம்வரை, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. அவர்களைக் கல்யாணப் பத்திரிகையில், தாய்மாமன் என்று உங்கள் தாத்தா பெயர் அச்சாகியிருக்கும் இடத்தில் தேட வேண்டும். ஊர் ஊராக எழுதிய மொய் நோட்டிலும் தேட வேண்டும். அந்த நோட்டு பரணில் கிடக்கிறதா என்று கறையானுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.