நரம்பின் மேல் ஒரு கொழுப்புப் போர்வை

பாம்பன், மண்டபம் கரைகளில் படகு வந்ததும் மீன்கூடைகளை எட்டிப் பாருங்கள். ஊசிக்கணவாயும் பாறை மீனும் அருகருகே கிடக்கும். ஆபத்து வந்தால் இரண்டுமே கணத்தில் பாய்ந்து தப்புபவை. அதற்கு மூளையின் கட்டளை நரம்பு வழியே விரைந்து செல்ல வேண்டும்.

கம்பி பருமனானால் மின்தடை குறையும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? கணவாய் கையாள்வது இந்த வழியைத்தான். அதன் பெரிய நரம்பிழையின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கே தெரியும். மீனும் மனிதனும் வேறு வழியைக் கொண்டவர்கள். நமது நரம்பிழை மிக மெல்லியது. ஆனால் விரைவான இழைகளின்மேல் மயலின் என்ற உறை உண்டு. மின்கம்பியின் ரப்பர் உறைபோல அது மின்கசிவைத் தடுக்கிறது. உலர்ந்த மயலினில் ஏறத்தாழ 70 சதவீதம் கொழுப்பே!

இந்தக் கொழுப்பை எப்படிப் பிரிப்பது? 1957இல் போல்ச், லீஸ், ஸ்லோன் ஸ்டான்லி ஆகியோர் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. குளோரோஃபாம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலந்துகொள்வார்கள். 1 கிராம் திசுவை 20 மில்லிலிட்டர் கலவையில் அரைப்பார்கள். கொழுப்புக்கும் புரதத்துக்கும் உள்ள பிணைப்பை மெத்தனால் தளர்த்தும். குளோரோஃபாம் கொழுப்பைக் கரைக்கும். வடிகட்டி, ஐந்தில் ஒரு பங்கு நீர் சேர்த்துக் குலுக்கி வைத்தால் இரண்டு அடுக்குகள் பிரியும். குளோரோஃபாம் நீரைவிட அடர்த்தி மிக்கது. எனவே கொழுப்பின் பெரும்பகுதி கீழடுக்கில் தங்கும். உப்பும் சர்க்கரையும் மேலடுக்குக்குப் போகும். (குளோரோஃபாம் ஆவி தீங்கானது, இதை வீட்டில் செய்யக்கூடாது.)

கீழடுக்கில் ஒரு துளியைச் சிலிக்கா ஜெல் பூசிய கண்ணாடித் தகட்டில் இட்டு, தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு வகைக் கொழுப்பும் வெவ்வேறு உயரத்துக்கு ஏறும். அயோடின் ஆவி பட்டதும் அவை பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும்.

புள்ளிகளைப் பார்த்து என்ன பயன்? அவற்றுள் ஒன்று சல்பேட்டைடு. இதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்தால் அது நரம்பில் தேங்கி, மயலின் அழியும். நடை பழகிய குழந்தை மீண்டும் தடுமாறத் தொடங்கும். 1960களில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிமல் குமார் பச்சாவத் குழுவினர் இக்கொழுப்பையும் நொதியையும் ஆராய்ந்தார்கள். சிறுநீரில் சல்பேட்டைடு மிகுந்துள்ளதா என்று பார்ப்பது இன்றும் இந்நோயை அறியும் வழிகளுள் ஒன்று.