தகட்டை மடிக்கும் முன் திரையில் மடியுங்கள்!

முத்தாண்டிக்குப்பத்தில் என் மாமா சிறிய தகடு வேலைப் பட்டறை வைத்திருக்கிறார். பண்ருட்டி வட்டாரம் முந்திரிக்குப் பெயர் போனது. அதனால் முந்திரிப் பருப்பு உலர்த்தும் ட்ரேக்களுக்கு அவரிடம் அடிக்கடி ஆர்டர் வரும். ஒருமுறை 400 மிமீ நீளம், 300 மிமீ அகலம், 40 மிமீ உயரத்தில் 20 ட்ரே கேட்டார்கள். 400 உடன் இரு பக்கமும் 40 கூட்டி, நீளம் 480 மிமீ என்று வெட்டிவிட்டார். அகலத்துக்கும் அதே கணக்குதான். மடித்த பிறகு ஒன்றுகூட ரேக்கில் நுழையவில்லை. அளந்தால் 403 மிமீக்கு மேல்!

"கூட்டல் சரியாத்தானே இருக்கு மாப்ளே?" என்றார். கூட்டல் சரிதான். ஆனால் மடிப்பு மூலையில் செங்குத்தாகத் திரும்புவதில்லை. வளைந்து, குறுக்கு வழியில் போகிறது. ஆகவே வெளி அளவுகளைக் கூட்டினால் தேவைக்கு அதிகமான தகடு வந்துவிடும்.

மடிக்கும்போது தகட்டின் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். நடுவே ஓர் அடுக்கு மட்டும் மாறாது. அது உட்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதே கே-ஃபேக்டர். இந்தக் கணக்கை ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேர் போட்டுத் தரும்.

1. ஃப்ரீகேட்டை இன்ஸ்டால் செய்து, டூல்ஸ் மெனுவில் ஆட்-ஆன் மேனேஜரைத் திறந்து 'ஷீட்மெட்டல்' என்பதைச் சேருங்கள்.

2. ஸ்கெட்ச்சில் 400 x 300 செவ்வகம் வரையுங்கள். 'மேக் பேஸ் வால்' கிளிக் செய்து தடிமன் 1 மிமீ கொடுங்கள்.

3. கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி நான்கு ஓரங்களையும் தேர்வு செய்து 'மேக் வால்' கிளிக் செய்யுங்கள். கோணம் 90, உள் ஆரம் 1, நீளம் 38 (வளைவும் தடிமனும் சேர்ந்து மீதி 2 மிமீ). பென்ட் டைப்பில் 'மெட்டீரியல் இன்சைடு' தேர்ந்தெடுத்தால் வெளி அளவு 400 மாறாது. சுவர் தலைகீழாக வந்தால் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

4. அடிப்பாகத்தைத் தேர்வு செய்து 'அன்ஃபோல்டு' கொடுங்கள். கே-ஃபேக்டர் 0.4. விரித்த நீளம் 476.4 மிமீ, அகலம் 376.4 மிமீ.

அதாவது ஒரு மடிப்புக்கு 1.8 மிமீ குறைகிறது. இரண்டு மடிப்புக்கு 3.6. மாமாவின் ட்ரே மிஞ்சியதும் அதே 3.6 மிமீதான்!

ஒரு எச்சரிக்கை: 0.4 எல்லாத் தகட்டுக்கும் பொருந்தாது. தகடும் மெஷினும் மாறினால் அளவும் மாறும். முதலில் 100 மிமீ நீளத் துண்டு ஒன்றை நடுவில் மடித்து, இரு கைகளின் வெளி அளவையும் கூட்டுங்கள். 101.8 வந்தால் 0.4 சரி. வேறு அளவு வந்தால் கே-ஃபேக்டரை அதற்கேற்ப மாற்றுங்கள்.

இப்போது மாமா ஒரு துண்டை மடித்துப் பார்க்காமல் முழுத் தகட்டில் கை வைப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.