கல்லை அகற்றிய பின் வரும் ஆபத்து

இரண்டாம் உலகப்போரில், 1940-41ஆம் ஆண்டுகளில், ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மாநகரின் மீது இரவிரவாகக் குண்டு பொழிந்தன. இடிந்த வீடுகளுக்கடியில் கை கால்கள் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவர்களை மீட்டு மருத்துவமனையில் சேர்த்தனர். அவர்களுள் சிலர் முதலில் நன்றாகவே பேசினர். பின்னர் நசுங்கிய கால் வீங்கியது. இரத்த அழுத்தம் தாழ்ந்தது. அதைச் சரிசெய்த பிறகும் சிறுநீர் குறைந்து, நிறம் கறுத்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் உயிர் பிரிந்தது. இத்தகைய நால்வரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர்கள் 1941இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

அடிபட்டது காலில், சிறுநீரகம் கெடுவானேன்?

நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதமும் பொட்டாசியமும் கசிகின்றன. கல் அழுத்தும்வரை அவை பெரும்பாலும் காலிலேயே தங்கும். கல்லைத் தூக்கியதும் இரத்தம் மீண்டும் பாய்ந்து அவற்றை உடலெங்கும் கொண்டுசெல்கிறது. இரத்தத்திலுள்ள நீரோ வீங்கும் காலுக்குள் இறங்குவதால், சிறுநீரகத்திற்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உண்டல்லவா? அவற்றின் நுண்குழல்களை மயோகுளோபின் அடைத்துக் கெடுக்கிறது.

‘கழிவை நீக்கும் உறுப்பு’ என்று ஒரு வரி எழுதி நாம் மதிப்பெண் வாங்கிவிடுகிறோம்! ஆனால் பொட்டாசியத்தின் அளவைக் காப்பதும் அதுவே. அது மிகுந்தால் இதயம் நின்றுவிடும். வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். இப்படி ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பையும் வீழ்த்துகிறது.

இதில் வியப்பானது, கெட்ட சிறுநீரகம் பலருக்குச் சில வாரங்களில் தானே தேறிவிடுவதுதான். அதுவரை இரத்தத்தைச் சுத்தம் செய்ய ஒரு வழி வேண்டும். 1943இல் நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற மருத்துவர், இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் குழாயைக் கொண்டே செயற்கைச் சிறுநீரகம் செய்தார். 1999இல் துருக்கியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இவ்வாறு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 639 பேருள் 477 பேருக்கு டயாலிசிஸ் செய்தனர், பெரும்பாலோர் பிழைத்தனர்.

இப்போது மீட்புக் குழுவினர் கல்லைத் தூக்க அவசரப்படுவதில்லை. இடிபாட்டுக்குள் எட்டும் கையிலேயே ஊசி குத்தி, பொட்டாசியம் கலவாத உப்பு நீரை முதலில் ஏற்றுகின்றனர். வெளியே எடுத்த பின், மணிக்கு மணி எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளந்து பார்க்கின்றனர்.