வெளிநாட்டுப் படிப்பா? கன்சல்டன்ஸி படியேறும் முன்

பெங்களூரு ஜெயநகரிலோ கோரமங்களாவிலோ 'இலவச ஆலோசனை' பலகையைப் பார்த்து உள்ளே போகிறீர்களா? இவற்றை மனதில் வையுங்கள்.

1. "எந்தெந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறது?" என்று முதலிலேயே கேளுங்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜெண்டுக்குப் பணம் தரும் பல்கலைக்கழகங்கள் நிறைய. பரிந்துரைப் பட்டியல் அந்தப் பக்கம் சாயலாம்.

2. விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலையே கொடுங்கள். பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கட்டும். பதில் நேராக உங்களுக்கு வரும்.

3. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிச் சரிபாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். கனடா சென்ற இந்திய மாணவர்கள் பலர், ஏஜெண்ட் தந்த கடிதம் போலி என்று படித்து முடித்த பிறகே அறிந்து, 2023இல் நாடுகடத்தல் அபாயத்தில் நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் கனடா அரசே ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் உறுதி செய்கிறது. ஆனாலும் ஏஜெண்டிடம் கட்டிய பணத்தை அது மீட்டுத் தராது.

4. ஜெர்மனி என்றால், உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் (APS) சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அது தேவை.

5. அசல் மதிப்பெண் பட்டியலை கன்சல்டன்ஸியில் விட்டு வராதீர்கள். ஏஜெண்டை மாற்ற நினைக்கும்போது அதுவே பிணையாகிவிடும்.