விக்டோரியா கால லண்டனில் ஒரு திருநம்பி

கேள்வி: சரித்திர வீடியோ கேம்களில் திருநர் பாத்திரங்களைச் சேர்ப்பது வலிந்து திணிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. 2015-இல் வெளியான ‘அசாசின்ஸ் கிரீட் சிண்டிகேட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். 1868-ஆம் ஆண்டு லண்டனில் இஷ்டம்போலச் சுற்றலாம். கூரை ஏறலாம், தேம்ஸ் நதியில் படகுக்குப் படகு தாவலாம், டிக்கன்ஸையும் மார்க்ஸையும் சந்திக்கலாம். அங்கே சரக்குக் கொள்ளை வேலைகளை நம்மிடம் ஒப்படைப்பவர் நெட் வைனர்ட், ஒரு திருநம்பி. கதை அதை விளக்கிக்கொண்டு நிற்பதில்லை. எல்லாரும் அவரை ஆணாகவே நடத்துகிறார்கள். அந்த இயல்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கிளைப்பணிகளோடு அவரை நிறுத்திவிட்டது பெரிய குறை. இவ்வளவு விரிந்த நகரத்தில் அவர் வீடு, அவர் பயம், அவர் நட்பு எதையும் நாம் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்ததற்குச் சரித்திரத்தில் ஆதாரமா இல்லை? ராணுவ மருத்துவர் ஜேம்ஸ் பேரி 50 ஆண்டுகளுக்கும் மேலாக ஆணாகவே வாழ்ந்தவர். 1826-இல் கேப் டவுனில் தாயும் சேயும் பிழைத்த சிசேரியன் அறுவையைச் செய்தவர். 1865-இல் லண்டனில் இறந்த பிறகுதான் அவர் பெண்ணாகப் பிறந்தவர் என்ற செய்தி பரவியது. அவரையே நாயகனாக்கி யாராவது ஒரு கேம் செய்ய வேண்டும்.