ஏசி சத்தம்: தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

1. வண்டி உள்ளே வந்ததும் பானட்டைத் திறக்காதே. வண்டிக்காரரைப் பேசவிடு. "ஏசி போட்டா ஒரு மாதிரி சத்தம் வருது" என்பார். எந்த மாதிரி என்று கேட்டால் வாயாலேயே செய்து காட்டுவார். அதை நம்பி ஸ்பேனரை எடுக்காதே. எப்போது வருகிறது என்று கேள். காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, திருப்பத்திலா, சிக்னலில் நிற்கும்போதா, ஏசியை அணைத்த பிறகுமா? இதற்கு மட்டும் எல்லோரிடமும் சரியான பதில் இருக்கும்.

2. பிறகு நீயே பிரித்துப் பார். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ப்ளோயரை ஒவ்வொரு வேகமாக ஏற்று. சத்தமும் கூடவே ஏறினால் கோளாறு டேஷ்போர்டுக்குள். இல்லையென்றால் ஏசி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டுக் கேள். கடைசியாக ஏசியைப் போடு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யச் சோம்பல்படுகிறவன் நல்ல கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

3. ப்ளோயர் கரகரத்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று விசாரி. வேப்பமரத்தடி என்றால் சருகுதான். வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலி வழியாக இறங்கி விசிறியில் மாட்டிக்கொள்ளும். கேபின் ஃபில்டரைக் கழற்றினால் சில நேரம் எலி கட்டிய கூடே வரும். சுத்தம் செய்தும் கீச்சிட்டால் மோட்டாரில் புஷ் தேய்ந்திருக்கும். அதில் எண்ணெய் விட்டு அனுப்பாதே. சத்தம் திரும்பி வரும், வண்டிக்காரர் திரும்பி வரமாட்டார்.

4. பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் கம்ப்ரஸர் புல்லி. இன்ஜின் ஓடும்வரை, ஏசி போடாவிட்டாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஏசி போட்டதும் கிளட்சின் காந்தம் முன்தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் உள்ளே தண்டு சுழலும். ஆகவே ஏசி இல்லாமலே உறுமல் கேட்டு, போட்டதும் அது மாறினால் முதல் சந்தேகம் புல்லி பேரிங்மேல். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்று. நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு போகும். போனது விரலுக்கு மணல்போல நெருடும். அப்படியே ஐட்லரையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றிப் பார்த்துவிடு, ஒரே சத்தம்தான் எல்லாம் போடும். பேரிங் மட்டும் போனதற்கு முழுக் கம்ப்ரஸரை மாற்றச் சொல்வது, என் கணக்கில், திருட்டு.

ஏசி போடும் அந்தக் கணத்தில் மட்டும் கிறீச்சென்றால் கிளட்ச் இடைவெளியைப் பார். பல வண்டிகளில் அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஃபீலர் கேஜை நுழைத்து அள. தேய்ந்து விரிந்திருந்தால் ஒரு ஷிம்மை எடுத்தாலே சரியாகிவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் இந்தக் கிளட்சே கிடையாது, தண்டு எப்போதும் சுற்றும். அங்கே இந்தப் பாடம் செல்லாது.

5. கிளட்ச் டக்கென்று பிடிப்பது அதன் இயல்பு. சில நொடிக்கொருமுறை பிடித்து விட்டு, பிடித்து விட்டு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. அழுத்தம் இறங்கியதும் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. கேஸ் என்பது பெட்ரோல்போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ போகிறது. ஜாயிண்டுகளில் எண்ணெயோடு புழுதி அப்பியிருக்கும் இடத்தை முதலில் தேடு. தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவு.

6. ஏசியை அணைத்ததும் சிறிது நேரம் ஸ்ஸ் என்று வந்து அடங்கினால் விட்டுவிடு. இரு பக்க அழுத்தமும் எக்ஸ்பான்ஷன் வால்வ் வழியாகச் சமமாகிறது, அவ்வளவுதான். அதற்கும் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

7. எந்தச் சத்தத்துக்கும் "கேஸ் அடிச்சுப் பார்க்கலாம்" என்று சொல்லாதே. கூடுதலாக அடித்தால் உயரழுத்தம் எகிறிக் கம்ப்ரஸர் முனகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கேஜ் முள் தானாகவே மேலே நிற்கும்; அதைப் பார்த்து அளவு தீர்மானிக்க முடியாது. பானட்டுக்குள் ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். வாக்குவம் போட்டு, எடைபோட்டு ஏற்று. ஏசி கேஸான ஆர் 134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் ஹோஸைத் தொடாதே.

8. திருப்பத்தில் தண்ணீர் அலம்புகிறதா? வடிகுழாய் அடைத்திருக்கிறது. கால்மிதியைத் தூக்கிப் பார், நனைந்திருக்கும். டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று வந்து தானே நிற்கிறதா? காற்றைத் திருப்பும் கதவின் மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது.

9. ஏசி போட்டதும் உள்ளிருந்து இடிக்கிறது, பழைய எண்ணெயில் மினுமினுவென்று தூள் தெரிகிறது என்றால் கம்ப்ரஸர் போய்விட்டது. புதியதை மட்டும் மாட்டினால் அதே தூள் அதையும் தின்றுவிடும். டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்று. இப்போதைய கண்டன்சர்களின் துவாரங்கள் மிகச் சிறியவை, கழுவினாலும் தூள் முழுக்க வராது. அதையும் மாற்றச் சொல். முழுத் தொகையையும் வேலைக்கு முன்பே சொல்லிவிடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வண்டியைத் தொடாதே.

10. ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் கம்ப்ரஸர் என்றால் கையை எடு. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ். எண்ணெயும் வேறு, நம் கடையில் இருக்கும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் அதன் இன்சுலேஷன் கெட்டுவிடும்.